ஐந்தாம் வயதும் ஆறாம் மாதமும்: பச்சிளம் செவிகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை சொல்லும்போது மனிதப் பிறப்பில் நேரும் எட்டுக் குறைகளை வரிசையாக எண்ணுகிறார். அந்த வரிசையில் ஊமை ஓர் எண். செவிடு இன்னோர் எண். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றின் விளைவாக இருக்கலாம் என்ற குறிப்பு கிடையாது. வாய் ஓர் உறுப்பு, காது ஓர் உறுப்பு. இரண்டிலும் தனித்தனிப் பழுது. அவ்வளவுதான். தமிழ் படித்தவர்கள் பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போயிருப்போம்.

1881இல் வெள்ளைக்காரன் குடிக்கணக்கு எடுத்தபோது இந்த இரண்டையும் ஒரே பத்தியில் போட்டான். சித்தம் கலங்கியவர், குருடர், தொழுநோயாளி ஆகியோரோடு 'செவிட்டூமை' என்று ஒரு தலைப்பு. ஆளப்படும் மக்களின் உடல்களை எண்ணித் தொகுக்கும் அதிகாரம் இந்தத் தொடர்பைக் கண்டுகொண்டது. கண்டுகொண்டதை வைத்து ஒன்றும் செய்யவில்லை என்பது வேறு விஷயம். 2011 கணக்கெடுப்பில் 'கேட்டல்' தனி, 'பேச்சு' தனி என்று மறுபடி இரண்டாகப் பிரிந்தன. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இரண்டையும் தனித்தனி இனங்களாகவே பட்டியலிட்டது. பிரித்ததற்கு நியாயம் உண்டு. காது கேட்டும் பேச்சு வராதவர்கள் இருக்கிறார்கள். காது கேளாமலே பேசுகிறவர்களும் சைகையில் சரளமாக உரையாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எண்ணிக்கையைப் பிரிப்பதா சேர்ப்பதா என்பதல்ல நம் கவலை. செவிடு என்ற நிலைக்கும் ஊமை என்ற நிலைக்கும் நடுவில் ஒரு காலம் கிடக்கிறது. சில மாதங்கள், சில வருஷங்கள். பிறவியில் வருவது கேளாமை மட்டுமே. மொழி எதுவும் (பேச்சோ சைகையோ) கைக்கு எட்டாமல் அந்தக் காலம் கழிந்துபோனால்தான் ஊமை உருவாகிறது. ஆகவே கேளாமைக்கு உடற்கூறு போதும். ஊமைக்கு வரலாறு எழுத வேண்டும். அந்த நடுக்காலம் யாரால், எதனால் வீணாகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பது வெளியே தெரியாது. அழுகிறது, பால் குடிக்கிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது. கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மழலை ஒலி எழுப்பும். சந்தேகம் வந்தால் வீட்டில் ஒரு சோதனை உண்டு: பின்னால் நின்று கை தட்டுவது, எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவது. தட்டு விழுந்த அதிர்வு தரை வழியாக வரும். கை தட்டினால் காற்று அசையும், நிழல் ஆடும். குழந்தை திரும்பிப் பார்க்கும். "காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்று முடிவாகிவிடும். பிரச்சினை காதிலிருந்து நாக்குக்கு மாற்றப்படுவது இந்தக் கட்டத்தில்தான். வசம்பு உரைத்துத் தடவுவார்கள். கோயிலில் வேண்டிக்கொள்வார்கள். "அவங்க தாத்தாகூட லேட்டாத்தான் பேசினாராம்" என்று ஒரு வம்சாவளிச் சான்றும் கிடைக்கும்.

இந்தக் காத்திருப்புக்குப் பின்னால் நம் இலக்கிய வரலாறும் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டுக் குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமலிருந்து, திருச்செந்தூரில் முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபுக் கதை. பள்ளிப் பாடப்புத்தகம் வழியாக இது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கதையைக் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் ஒன்று புரியும்: வாய் திறந்த அன்றே வெண்பா பாட வேண்டுமானால் ஐந்து வருஷமும் தமிழ் அந்தக் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். குமரகுருபரர் கதை பேசாத குழந்தையின் கதை. கேளாத குழந்தையின் கதை அல்ல. பொதுப்புத்தி இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு ஐந்து வயது என்ற கெடுவை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரைப் பற்றியும் வைணவ மரபில் ஒரு கதை உண்டு. ஊமை ஒருவனைத் தனியறைக்கு அழைத்துப் போய்த் தம் திருவடியை அவன் தலையில் வைத்தாராம்; கதவிடுக்கு வழியாகப் பார்த்த கூரத்தாழ்வான், கற்றறிந்த தனக்குக் கிட்டாத பேறு அவனுக்குக் கிட்டியதே என்று ஏங்கினாராம். கல்விச் செருக்கைக் கீழிறக்கும் அழகான கதைதான். ஆனால் அறையை விட்டு வெளியே வந்த பிறகு அவன் யாரோடு எந்த மொழியில் பேசினான்? ஒரு கதையில் அற்புதம் மொழியைத் தருகிறது. இன்னொன்றில் அருள் மொழியையே தேவையற்றதாக்குகிறது. மொழி எப்படி, எந்த வயதில் வருகிறது என்ற லௌகீகக் கேள்வியை இரண்டுமே எழுப்பவில்லை.

3

அந்தக் கேள்வியை எழுப்பியவர்களும் வெகுகாலம் பிந்தியே எழுப்பினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். அன்றைய எந்தப் பள்ளியையும் போல அதுவும் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கானது. மொழி பிடிபடும் முதல் சில வருஷங்கள் அதற்குள் போயிருக்கும். அதற்கும் முன்பாக, 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, வகுப்பறையில் சைகையை ஒதுக்கி வாய்மொழியே மேல் என்று தீர்மானம் போட்டது. கேளாத குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு உதட்டைப் பார்க்க வைக்கப்பட்ட நூற்றாண்டு அது. அந்தத் தீர்மானத்தைக் கல்வியாளர்கள் முறைப்படி நிராகரிக்க 2010இன் வான்கூவர் மாநாடு வரை ஆனது.

பச்சிளம் குழந்தையின் காதைச் சோதிக்கலாம் என்ற எண்ணம் வலுப்பட்டது 1960களில். அமெரிக்காவின் டென்வர் நகரில் மேரியன் டவுன்ஸ், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் அருகே பலத்த ஒலி எழுப்பி, கண் சிமிட்டுகிறதா, திடுக்கிடுகிறதா என்று தன்னார்வலர்களைப் பார்க்கச் செய்தார். யோசித்தால் நம் வீட்டுத் தட்டுச் சோதனையின் ஒழுங்குபடுத்திய வடிவம். பார்ப்பவர் கண்ணை நம்பியிருந்ததால் அதிலும் தப்பு அதிகம். 1969இல் அங்கே அமைக்கப்பட்ட சிசு செவித்திறன் கூட்டுக்குழு, எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையைப் பரிந்துரைக்க முடியாது என்றே முதலில் சொன்னது.

அதே 1969இல் சென்னையில் சரஸ்வதி நாராயணசுவாமி முன்னின்று பால வித்யாலயாவைத் தொடங்கினார். மிகச் சிறு வயதிலேயே குழந்தையைச் சேர்த்துக்கொண்டு, தாயையும் கூடவே உட்காரவைத்துக் கற்பிக்கும் முறை. குழந்தை முழித்திருக்கும் நேரமெல்லாம் வீட்டில்தான். ஆகவே வீட்டில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுக்காமல் பள்ளி மட்டும் மொழியைத் தந்துவிட முடியாது என்ற புரிதல் அதில் இருந்தது. கருவி தயாராவதற்கு முன்பே தொடர் கவனிப்பின் வடிவம் நம் ஊரில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

கருவி பிறகு வந்தது. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் ஒரு விசித்திரத்தை நிறுவினார்: காது ஒலியை வாங்குவதோடு நிற்பதில்லை, திருப்பியும் அனுப்புகிறது. நலமான உட்செவிக்குள் ஒரு 'டிக்' ஒலியைச் செலுத்தினால், அதன் நுண்மயிர்ச் செல்கள் அசைந்து மிக மெல்லிய எதிரொலி திரும்பி வரும். காதுத் துவாரத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, ஒரு சின்ன மைக். தூங்கும் குழந்தையிடம் சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும். இதுவே ஓஏஇ சோதனை. காது முதல் மூளைத்தண்டு வரை நரம்பில் சமிக்ஞை போய்ச் சேர்கிறதா என்று நெற்றியில் ஒட்டும் மின்முனைகள் வழியாகப் பார்ப்பது ஏபிஆர். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கும் மஞ்சள் காமாலை முற்றிய குழந்தைக்கும் நரம்பில் பழுது இருக்கக்கூடும் என்பதால் ஓஏஇ மட்டும் போதாது, ஏபிஆரும் வேண்டும்.

1998இல் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோவும் கூட்டாளிகளும் கொலராடோவிலிருந்து வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கேளாமை கண்டறியப்பட்டுக் கவனிப்புப் பெற்ற குழந்தைகளின் மொழி, பிந்திக் கண்டறியப்பட்டவர்களுடையதை விட மேம்பட்டிருப்பதைக் காட்டியது. பிறகு 1-3-6 என்ற கணக்கு நிலைபெற்றது: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கவனிப்புத் தொடங்குதல். குமரகுருபரர் கதையின் ஐந்து வருஷத்துக்கு எதிரே இந்த ஆறு மாதத்தை வைத்துப் பாருங்கள். இரண்டு கெடுக்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு மனிதரின் மொழி.

4

இந்தியாவில் இதன் தொடக்கம் பற்றிப் பேசினால் கொச்சியைச் சொல்லியாக வேண்டும். 2003இல் குழந்தை மருத்துவர் ஆபிரகாம் பாலும் அவர் சார்ந்த இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கக் கிளையும் ஒரு எளிய ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கருவி வாங்கக் காத்திராமல், பயிற்சி பெற்ற ஒருவர் கருவியோடு எர்ணாகுளம் மாவட்டத்தின் ஆஸ்பத்திரிகளுக்கு முறைவைத்துப் போய்ச் சோதிப்பது. பஞ்ச காலத்துப் பாத்திரம் போல ஒரு கருவி பல தெருவுக்கு உதவியது.

மத்திய அரசின் காது கேளாமைத் தடுப்புத் திட்டம் 2007இல் வந்தது. 2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் தேடிக் கண்டறிய வேண்டிய 30 நிலைகளில் பிறவிக் கேளாமையைச் சேர்த்தது; கண்டறிந்த குழந்தைகளை அனுப்ப மாவட்டந்தோறும் தொடக்க நிலை இடையீட்டு மையங்கள் என்றது. தமிழ்நாட்டில் 2009இன் கலைஞர் காப்பீடும் 2012இன் முதலமைச்சர் காப்பீடும், பல லட்ச ரூபாய் ஆகும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சையை ஏழை வீட்டுக் குழந்தைக்கும் எட்டச் செய்தன. இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் வித்யா ராம்குமாரும் கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கைக்கோள் இணைப்புள்ள வேனுக்குள் குழந்தைக்கு ஏபிஆர் எடுத்து, தொலைவில் இருக்கும் ஆடியாலஜிஸ்ட் அதைப் படிக்க முடியும் என்று காட்டினார்கள். மக்கள் மையத்துக்கு வராவிட்டால் மையம் மக்களிடம் போகட்டும் என்ற தலைகீழாக்கம்.

இவ்வளவும் இருந்தால் பிறகென்ன சிக்கல்? சோதனையின் முடிவு 'கேட்கும்', 'கேட்காது' என்று வருவதில்லை. 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று வருகிறது. ரெஃபர் என்றால் மறுபடி வா என்று அர்த்தம். பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் இன்னும் திரவமும் மெழுகும் இருக்கும். அதனாலேயே பல குழந்தைகள் ரெஃபர் ஆகும். அவர்களில் பெரும்பாலோர் மறுசோதனையில் பாஸ் ஆகிவிடுவார்கள். உண்மையிலேயே கேளாத குழந்தை ஆயிரம் பிறப்புக்கு ஒன்று முதல் மூன்று வரை. ஆக, திரும்பி வரச் சொல்லப்படும் பத்துத் தாய்மார்களில் பலருக்கு அது வீண் அலைச்சல். அந்த ஒருத்திக்கு அது எல்லாமே. அந்த ஒருத்தி யார் என்று வந்தால்தான் தெரியும்.

5

இனி ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் ஊன்றியது. 1998இல் கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான், 2012இல் டைம்லர். ஏரிப் பாசன ஊர்கள் சிப்காட் பிளாட்டுகளாயின. வயலை விற்றவர் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார். அந்த வீடுகளில் விழுப்புரத்துக்காரர், திருவண்ணாமலைக்காரர், பிறகு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள்.

இங்கே 1-3-6 கணக்கைப் போட்டுப் பாருங்கள். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். முதல் பிரசவம் அங்கேதான். மூணாம் மாசம் அல்லது அஞ்சாம் மாசம், ஒற்றைப்படை பார்த்து, குழந்தையோடு புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அதாவது சோதனை நடக்கும் ஊர் ஒன்று. உறுதிசெய்ய வேண்டிய மூன்றாம் மாதம் பயணத்தில் கழிகிறது. கவனிப்புத் தொடங்க வேண்டிய ஆறாம் மாதம் இன்னொரு மாவட்டத்து லைன் வீட்டில். 'ரெஃபர்' என்று எழுதிய சீட்டு அம்மா வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டால் யாரைக் குறை சொல்வது? புலம்பெயர்ந்து வந்த தொழிலாளியின் மனைவியும் பிரசவத்துக்கு ஊருக்குப் போனால் நடுவில் வருவது மாவட்ட எல்லை அல்ல, மாநில எல்லை. 2019இல் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி வேறு மாவட்டத்துக்குப் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விடுப்பு. 2017 திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. இருபத்தாறு வாரம் என்பது கிட்டத்தட்ட ஆறு மாதம். பிரசவத்துக்கு முன்பே சில வாரங்கள் கழிந்துவிடும். ஆக, காதுக்கருவி பொருத்தி, வாரத்துக்குப் பலமுறை பயிற்சிக்குப் போக வேண்டிய காலம் தொடங்கும்போது விடுப்பு முடிந்துவிடுகிறது. அதுவும் சட்டம் சொல்வது. கான்ட்ராக்ட்டில் இருக்கிறவருக்கும் டிரெய்னி என்று பெயர் சூட்டப்பட்டவருக்கும் கைக்கு வருவது எவ்வளவு என்பது வேறு கதை. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியின் சொந்த நோய்க்குச் சம்பள ஈடு உண்டு. குழந்தையின் காதுக்காகப் போகும் நாளுக்குக் கிடையாது. "ஒரு நாள் லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போச்சு" என்ற கணக்கு ரெஃபர் சீட்டை விடக் கண்முன் நிற்கும். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ், இப்பகுதியின் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்த்ததாகப் புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு காட்டவில்லை என்று மறுத்தது. தாய் வேலையில் இருந்தால் நேரம் இல்லை. வேலையில் இல்லாவிட்டால் பஸ்ஸுக்கும் பேட்டரிக்கும் காசு இல்லை.

இன்னொரு முரண்: 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. பிரஸ் ஷாப்பில் நிற்கும் தகப்பனின் காது சட்டத்தின் கண்ணில் உற்பத்திக் கருவி. அதற்குச் சோதனை உண்டு, பதிவேடு உண்டு. அதே வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் காது, அடுத்த இருபது வருஷத்துக்கு எந்த ஆலைக்கும் தேவைப்படாத காது.

நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. எட்டு வருஷம். ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போவதற்குள் ஒரு பேராலை வந்து போய்விடலாம். கேளாத குழந்தைக்கு மொழி கூடிவர ஆகும் காலமும் ஏறக்குறைய அதுதான். இம்ப்ளான்ட் ஒரு நாள் அறுவை; அதற்குப் பின் வருஷக்கணக்கில் பயிற்சி, வயர், பேட்டரி, பிராசஸர். வேலை போய், ஊர் மாறினால் முதலில் அறுபடுவது இந்தத் தொடர்ச்சிதான்.

6

இங்கே ஒரு மறுப்பு எழும், எழுவதும் நல்லது. பிறந்த நிமிஷமே உடலைச் சோதித்து 'இயல்பு', 'பிறழ்வு' என்று பிரிப்பது மிஷெல் ஃபூக்கோ சொன்ன கண்காணிப்பு அதிகாரம் அல்லவா? கேளாமையைக் குறையாக மட்டுமே பார்க்கும் மருத்துவச் சொல்லாடல் மிலான் தீர்மானத்தின் தொடர்ச்சி அல்லவா? இதில் பாதி உண்மை உண்டு. சோதனைக்குப் பின் ஒரே வழி இம்ப்ளான்ட்தான் என்று குடும்பத்திடம் சொல்லப்படுமானால், சைகை மொழி என்ற ஒன்று இருப்பதே சொல்லப்படாமல் போகுமானால், அது மொழியைத் தருவதாகச் சொல்லி ஒரு மொழியை மறைப்பது. கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. சைகை அந்த வீடுகளில் தானாக இருக்காது. அதையும் யாராவது ஆரம்பத்திலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எந்த மொழி என்பதில் சண்டை போடலாம். சீக்கிரம் என்பதில் சண்டைக்கு இடமில்லை. பேச்சுக்காரருக்கும் சைகைக்காரருக்கும் பொது எதிரி அந்த வீணாகும் காலம்.

கண்காணிப்பு பற்றிய வாதத்தையும் இந்த மண்ணில் வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்ததுமே பிக்மி எண் வந்துவிடுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். தடுப்பூசிக் கணக்கும் அதனோடு ஓடுகிறது. அதிகாரத்துக்குக் கண் இருக்கிறது. அந்தக் கண் ஊசியைத் தேடி வருகிறது, காதைத் தேடி அதே விடாப்பிடியோடு வருவதில்லை என்பதே புகார். ஏழையின் பிரச்சினை எப்போதும் கண்காணிக்கப்படுவது மட்டுமல்ல; தேவையான இடத்தில் கைவிடப்படுவதும்தான்.

'குடும்பத்துக்கான தொடர் கவனிப்பு' என்ற சொல்லில் குடும்பம் என்று வாசிக்கிற இடத்திலெல்லாம் 'அம்மா' என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். பஸ் ஏறுவது, காத்திருப்பது, நாள் முழுக்கப் பேசிப் பேசிக் காட்டுவது, கருவியைத் துடைத்து வைப்பது: எல்லாம் கூலியில்லா உழைப்பு. ஒடியாவோ போஜ்புரியோ பேசும் வீட்டில் இன்னும் ஒரு கேள்வி: தமிழ் பேசும் பயிற்சியாளர் குழந்தைக்கு எந்த மொழியைத் தருவார்? அம்மாவுக்குத் தெரியாத மொழியை அம்மா எப்படி வீட்டில் தொடர்வாள்?

7

ஆகவே கோரிக்கையைக் கருவியோடு நிறுத்திக்கொள்வது வரலாற்றைப் பாதியில் விடுவது. ஆறாவது வாரமும் பதினான்காவது வாரமும் குழந்தை எந்த ஊரில் இருந்தாலும் ஊசிக்கு வருகிறது. ரெஃபர் ஆன குழந்தையின் மறுசோதனை அந்த நாளோடு, அந்த இடத்தோடு கட்டப்படட்டும். ரெஃபர் என்ற சொல் சீட்டில் மட்டும் இராமல் பிக்மி எண்ணில் ஏறி, அம்மா வீட்டு செவிலியரிடமிருந்து லைன் வீட்டு செவிலியருக்குப் போகட்டும். பயிற்சிக்குப் போகும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பது தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெறட்டும். 2024இல் சாம்சங் ஆலையில் சங்க அங்கீகாரத்துக்காக ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது, கேட்கத் தெரியாத ஊர் அல்ல. பிராசஸருக்கும் பேட்டரிக்கும் ஆகும் செலவில், ஊரின் ஏரியையும் நிலத்தையும் எடுத்துக்கொண்ட ஆலைகளுக்குப் பங்கு உண்டு.

திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. கேட்பதும் கற்பதும் வினவுவதும் நம் மொழியில் ஒரே வேர். ஆனால் கேட்கிறவர்களுக்காகக் கேட்கிறவர்கள் எழுதிய பெருமை அது. கேளாமல் பிறந்த குழந்தையின் சார்பில் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: முதல் ஆறு மாதம் யார் கையில் இருந்தது?